செஃப் கிளஸ்டருக்கு டாஷ்போர்டு மட்டும் போதுமா, கட்டளை வரியும் வேண்டுமா?

கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஐந்து சர்வர்களில் செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பாக இணைக்கும் மென்பொருள்) ஓடுகிறது. அதன்மேல் உள்ள செஃப்எஃப்எஸ் கோப்பு முறைமையை அலுவலகமே பயன்படுத்துகிறது. நீங்கள் உலாவியில் திறக்கும் டாஷ்போர்டை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறீர்கள். ‘கட்டளை தெரியாதவன் நிர்வாகியே அல்ல’ என்று மூத்த பொறியாளர் ஒருவர் சொல்கிறார். கூடவே, டாஷ்போர்டு பச்சை காட்டும் நாளிலும் கோப்பு திறக்க நேரமாகிறது என்று பயனர்கள் புகார் சொல்கிறார்கள். இவற்றை இரண்டு கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: டாஷ்போர்டு சொல்வதை எதுவரை நம்பலாம், அது பேசாமல் போனால் யாரிடம் கேட்பது?

உங்கள் மூத்தவருக்கு ஒரு நியாயம் உண்டு, ஆனால் அது பழைய நியாயம். 2017இல் வந்த லுமினஸ் பதிப்பில்தான் செஃபுக்குள்ளேயே ஒரு டாஷ்போர்டு சேர்ந்தது. அதில் பார்க்கத்தான் முடியும், எதையும் மாற்ற முடியாது. 2018இன் மிமிக் பதிப்பில், ஓப்பன்அட்டிக் என்ற திட்டத்தின் வழிவந்த புதிய டாஷ்போர்டு அந்த இடத்தைப் பிடித்தது; மாற்றங்களையும் அங்கேயே செய்ய வழி பிறந்தது. 2020இல் ஆக்டோபஸ் பதிப்போடு, கிளஸ்டரை நிறுவி நிர்வகிக்கும் செஃப்அட்ம் என்ற கருவி வந்தபிறகு சர்வரைச் சேர்ப்பது, டிஸ்க்கை ஏற்பது போன்ற வேலைகளும் படிப்படியாக உலாவிக்குள் வந்தன. லுமினஸுக்கு முன்பே இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு (நானும் அந்தக் கூட்டம்தான்) கை தானாகக் கட்டளை தட்டும் முனையத்துக்குப் போகும். அது பழக்கம். பழக்கத்தைத் தகுதி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதுகிறேன். செஃப்அட்ம் வழியாக நிறுவியிருந்தால் அவற்றை ‘செஃப்அட்ம் ஷெல்’ திறந்து அதற்குள் இயக்குவது எளிது.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. டாஷ்போர்டு தனியான ஒரு மென்பொருள் அல்ல; மேனேஜர் என்ற டீமனுக்குள் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலுக்குள்) ஓடும் ஒரு மாட்யூல். கிளஸ்டரின் நிலையை அதிகாரபூர்வமாக வைத்திருப்பவை மானிட்டர்கள் என்ற டீமன்கள். அவற்றில் பெரும்பான்மை ஒத்துப்போனால்தான் எந்த மாற்றமும் பதிவாகும். ஐந்து இருந்தால் குறைந்தது மூன்று உயிரோடு இருக்க வேண்டும். டாஷ்போர்டில் ஒரு பொத்தானை அழுத்தினாலும், முனையத்தில் ஒரு வரியைத் தட்டினாலும், கோரிக்கை கடைசியில் போய்ச் சேருவது ஒரே நிலையிடம்தான். ஆகவே ‘டாஷ்போர்டில் செய்த மாற்றம் கட்டளை வரியில் தெரியுமா’ என்ற ஐயமே வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, நடுவில் எத்தனை பேர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

மேனேஜர்கள் எல்லாம் விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டு திறக்காது. ஆனால் கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதும் நிற்காது. ஒரு டிஸ்க் போனால் அதன் நகல்களை மீட்டெடுக்கும் வேலையும் நடக்கும். உலாவி வெற்றுப் பக்கம் காட்டுகிறது என்பதற்காகச் சேமிப்பே போய்விட்டது என்று மேலதிகாரிக்குத் தகவல் அனுப்பிவிடாதீர்கள். அந்த நேரத்திலும் ‘செஃப் -எஸ்’ பதில் சொல்லும், ஏனென்றால் அதற்குப் பதில் தருவது மானிட்டர். செயல்படும் மேனேஜர் இல்லை என்ற எச்சரிக்கை அதிலேயே இருக்கும். ஆனால் அதில் தெரியும் தரவுத் தொகுதி எண்ணிக்கைகள் மேனேஜர் கடைசியாக அனுப்பியவை, புதியவை அல்ல. ‘செஃப் ஆர்க்’ என்று தொடங்கும் கட்டளைகளும், ‘செஃப் பிஜி டம்ப்’ போன்றவையும் பதில் வராமல் அப்படியே தொங்கும், அவற்றுக்குப் பின்னால் இருப்பதும் மேனேஜர்தான். கட்டளை வரி எப்போதும் வேலை செய்யும் என்று உங்கள் மூத்தவர் நம்பிக்கொண்டிருந்தால், அவரிடம் இதைச் சொல்லலாம். மேனேஜர் உயிரோடு இருந்தும் டாஷ்போர்டு மட்டும் முரண்டுபிடித்தால், ‘செஃப் எம்ஜிஆர் ஃபெயில்’ கொடுத்துப் பொறுப்பைக் காத்திருக்கும் மற்றொரு மேனேஜரிடம் மாற்றுங்கள். பிறகு ‘செஃப் எம்ஜிஆர் சர்வீசஸ்’ தரும் முகவரியில் திறந்து பாருங்கள். முகவரி மாறியிருக்கும், பழைய புக்மார்க்கை அழுத்திக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த படி இன்னும் கீழே. மானிட்டர்களில் பெரும்பான்மை போய்விட்டால் ‘செஃப் -எஸ்’ கூடத் தொங்கும். அப்போது மிஞ்சுவது ஒவ்வொரு டீமனும் தன் சர்வரிலேயே திறந்துவைத்திருக்கும் அட்மின் சாக்கெட் என்ற நேரடித் தொடர்பு வாசல். அந்தச் சர்வருக்குள் நுழைந்து, அந்த மானிட்டரின் கன்டெய்னருக்குள் போய், ‘செஃப் டீமன்’ கட்டளையோடு அதன் பெயரையும் ‘மான்_ஸ்டேட்டஸ்’ என்பதையும் கொடுத்தால், ‘நான் யார், யாரையெல்லாம் தேடுகிறேன், பெரும்பான்மை இருக்கிறதா’ என்று அந்த ஒரு டீமன் மட்டும் தன் கதையைச் சொல்லும். இதற்கு வரைகலை முகம் கிடையாது. டாஷ்போர்டு, மானிட்டர்வழிக் கட்டளை, தனி டீமனின் சாக்கெட் என்ற இந்த மூன்று படிகளும் மனத்தில் இருந்தால், கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும். எது பேசவில்லை என்பதை வைத்தே எது உடைந்திருக்கிறது என்று ஊகிக்க முடியும்.

இனிப் பச்சை விளக்கு. செஃபின் உடல்நிலைச் செய்தி தரவு பாதுகாப்பாக இருக்கிறதா, டீமன்கள் ஓடுகின்றனவா என்பதை நன்றாகவே சொல்லும். வேகத்தைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. ஒரு ஓஎஸ்டியோ (ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் டீமன்) எம்டிஎஸ்ஸோ (கோப்புப் பெயர்களையும் கோப்புறை விவரங்களையும் கவனிக்கும் டீமன்) ஒரு கோரிக்கையை மெதுவானது என்று எச்சரிக்க, இயல்பான அமைப்பில் அந்தக் கோரிக்கை 30 விநாடி நிலுவையில் இருக்க வேண்டும். ஒரு கோப்புறையைத் திறக்க எட்டு விநாடி ஆனால் பயனர் தொலைபேசியை எடுத்துவிடுவார். செஃபின் கணக்கில் அது குறையே அல்ல. எம்டிஎஸ்ஸின் நினைவகமும் இப்படித்தான். அதன் கேஷ் அளவு இயல்பாக 4 ஜிபி; ஆனால் அதன் ஒன்றரை மடங்கைத் தாண்டினால்தான் எச்சரிக்கை எழும். பச்சை என்றால் ‘எச்சரிக்கை வரம்பை எதுவும் தொடவில்லை’ என்று மட்டும் பொருள்.

டாஷ்போர்டின் வரைபடங்கள் வேறொரு விதத்தில் ஏமாற்றும். எம்டிஎஸ் தன் பெரும்பாலான வேலையை ஒரே இழையில் செய்கிறது. 32 கோர்கள் உள்ள சர்வரில் எம்டிஎஸ் ஒரு கோரை முழுதாகத் தின்றுகொண்டிருந்தாலும், சர்வரின் மொத்தச் சிபியு வரைபடத்தில் அது மூன்று சதவீதமாகத்தான் தெரியும். ‘சர்வர் சும்மாதானே இருக்கிறது’ என்று தோன்றும். சர்வருக்குள் போய் ‘டாப்’ திறந்து எம்டிஎஸ் என்ற ஒரு வரியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கூடுதல் கோர்கள் வாங்குவதால் இந்த நெரிசல் தீராது. கோரின் வேகம் உதவும். அல்லது செயல்படும் எம்டிஎஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சுமையைப் பிரிக்கலாம். வரைபடமே வரவில்லை, வெற்றுச் சட்டம்தான் தெரிகிறது என்றால் அது பெரும்பாலும் வேறு சங்கதி: அந்தப் படங்களைத் தருவது கிரஃபானா என்ற தனி மென்பொருள், உங்கள் உலாவி அதை நேரடியாக அணுக வேண்டும், அதன் சுயகையொப்பச் சான்றிதழை உலாவி ஏற்கவில்லை. கிரஃபானாவின் முகவரியைத் தனியாக ஒருமுறை திறந்து சான்றிதழை ஏற்றால் சரியாகிவிடும்.

மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டியவை இவை. முதலில் ‘செஃப் எஃப்எஸ் ஸ்டேட்டஸ்’: எந்த எம்டிஎஸ் செயலில் இருக்கிறது, விநாடிக்கு எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்று காட்டும். அடுத்து ‘செஃப் டெல்’ வழியாக அந்த எம்டிஎஸ்ஸிடம் ‘டம்ப்_ஆப்ஸ்_இன்_ஃப்ளைட்’ கேளுங்கள். இந்தக் கணத்தில் முடியாமல் நிற்கும் ஒவ்வொரு கோரிக்கையும், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் வரும். அதே வழியில் ‘செஷன் எல்எஸ்’ கேட்டால் ஒவ்வொரு கிளையண்டும் (கோப்பு முறைமையை இணைத்திருக்கும் கணினி) எத்தனை கோப்புகளின் மீது உரிமை பிடித்துவைத்திருக்கிறது என்ற எண் வரும். மற்றவர்கள் சில ஆயிரம் வைத்திருக்க ஒருவர் மட்டும் பல இலட்சம் வைத்திருந்தால், அங்கே பெரும்பாலும் ஒரு பேக்கப் நிரலோ வைரஸ் ஸ்கேனரோ கோப்பு முறைமை முழுவதையும் நடந்து பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியாக ‘செஃப் ஓஎஸ்டி பெர்ஃப்’. எல்லா டிஸ்க்குகளும் ஒரே மாதிரி எண் காட்ட, ஒன்று மட்டும் பல மடங்கு அதிகமாகக் காட்டினால் அந்த டிஸ்க் சாகும் வழியில் இருக்கலாம். ஒரே ஒரு நோயாளி டிஸ்க் கிளஸ்டர் முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். எழுதும்போது நகல்கள் எல்லாம் முடிந்தால்தான் ‘முடிந்தது’ என்ற பதில் கிளையண்டுக்குப் போகும்.

உங்கள் புகாருக்கு இவற்றில் எது காரணம் என்று இங்கிருந்து சொல்வது ஊகமாகிவிடும். பதிப்பு எண்ணும், டிஸ்க்குகள் சுழல்வகையா ஃப்ளாஷா என்பதும், நெட்வொர்க் வேகமும் கேள்வியில் இல்லை. புகார் ‘கோப்பு திறக்க’ என்று வருவதால் என் சந்தேகம் முதலில் எம்டிஎஸ் பக்கம் போகிறது. பெரிய கோப்பை நகலெடுப்பதே மெதுவென்றால் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் முதலில் பார்த்திருப்பேன். சந்தேகம் என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளளவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் டாஷ்போர்டு முகப்பில் இருக்கும் அந்தப் பெரிய வட்டம்தான் அதிகம் பேரைத் தூங்கவைக்கிறது. அது கிளஸ்டரின் மொத்தத்தைக் காட்டுகிறது. ஆனால் செஃப் நிற்பது மொத்தத்தால் அல்ல, மிக நிரம்பிய ஒரே ஒரு ஓஎஸ்டியால். இயல்பான அமைப்பில் ஒரு ஓஎஸ்டி 85 சதவீதத்தைத் தொட்டால் எச்சரிக்கை, 90இல் அதற்குள் மீட்புத் தரவு நகர்வது நிற்கும், 95இல் அதைப் பயன்படுத்தும் பூல்களில் (பூல் என்பது தரவைப் பிரித்து வைக்கும் ஒரு தொகுப்பு) எழுதுவதே நிற்கும். மொத்தம் 72 என்று வட்டம் சொல்லும்போது ஏதோ ஒரு டிஸ்க் 86இல் இருக்கலாம். ‘செஃப் ஓஎஸ்டி டிஎஃப் ட்ரீ’ கொடுத்து, பயன்பாட்டுச் சதவீதப் பத்தியில் மிக உயர்ந்த எண்ணைத் தேடுங்கள். அதோடு இன்னொரு கணக்கு. மூன்று நகல்கள், ஒரு சர்வருக்கு ஒன்று என்று வைத்திருந்தால், ஒரு சர்வர் முழுதாகப் போனபின் அதன் தரவு மீதி நான்கில் அடங்க வேண்டும். 85இல் ஐந்தில் நான்கு பங்கு 68. ஐந்து சர்வர் கிளஸ்டரில் மொத்தம் 68ஐத் தாண்டினாலே ஒரு சர்வரின் இழப்பை நிம்மதியாகத் தாங்கும் நிலையை இழந்துவிட்டீர்கள். வட்டம் அப்போதும் பச்சையாகவே இருக்கும்.

டாஷ்போர்டையும் கட்டளையையும் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. அது கோப்பு முறைமையேதான். செஃப்எஃப்எஸ் இணைத்த எந்தக் கணினியிலும், ஒரு கோப்புறைக்குள் புள்ளியோடு தொடங்கும் ‘ஸ்னாப்’ என்ற மறைவான கோப்புறை இருக்கும். அதற்குள் ‘எம்கேடிர்’ போட்டால் அந்தக் கணமே ஒரு ஸ்னாப்ஷாட், ‘ஆர்எம்டிர்’ போட்டால் அது நீங்கும். அதற்கான அனுமதி உங்கள் சாவியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைவிட அழகானது, ஒவ்வொரு கோப்புறையும் தனக்குக் கீழே உள்ள மொத்தப் பைட்டுகளையும் கோப்பு எண்ணிக்கையையும் தானே கணக்கு வைத்துக்கொள்வது. பத்து இலட்சம் கோப்புகள் உள்ள மரத்தின் அளவை அறிய ‘டியூ’ ஓட்டி எம்டிஎஸ்ஸை வதைக்க வேண்டாம். ‘கெட்ஃபேட்டர்’ கொண்டு ‘செஃப் புள்ளி டிர் புள்ளி ஆர்பைட்ஸ்’ என்ற பண்பைக் கேட்டால் உடனே எண் வரும். அண்மையில் எழுதியவை சேர்வதற்குச் சற்று நேரமாகலாம். கோப்புறைக்கு அளவு வரம்பு விதிப்பதும் இப்படி ஒரு பண்புதான். டாஷ்போர்டிலும் அதற்குப் படிவம் இருக்கிறது. எங்கே விதித்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த வரம்பைக் கடைப்பிடிப்பது கிளையண்டின் வேலை. வரம்பைத் தொட்டபிறகும் சற்று நேரம் எழுதுவது நடக்கும். 4.17க்கு முந்தைய லினக்ஸ் கெர்னல் வழியாக இணைத்த கணினி அந்த வரம்பை மதிக்கவே மதிக்காது.

இதுவரை சொன்னதால் டாஷ்போர்டைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சில வேலைகளுக்கு அதையே பரிந்துரைப்பேன். அனுமதிகளைப் பிரித்துக் கொடுப்பது அவற்றில் முதன்மையானது. பல இடங்களில் ‘கிளையண்ட் புள்ளி அட்மின்’ சாவி எல்லாச் சர்வர்களிலும் கிடக்கும். அது கையில் இருப்பவர் கிளஸ்டரையே அழிக்கலாம். உதவி மையத்தில் இருப்பவருக்கு அந்தச் சாவி எதற்கு? டாஷ்போர்டில் ‘ரீட்-ஒன்லி’, ‘செஃப்எஃப்எஸ்-மேனேஜர்’ போன்ற பங்குகள் தயாராக இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுத்துவிடலாம். ஆனால் தனிக் கணக்கு கொடுத்ததாலேயே யார் என்ன செய்தார்கள் என்பது பதிவாகிவிடாது. டாஷ்போர்டின் தணிக்கைப் பதிவு இயல்பாக அணைந்திருக்கிறது. ‘செஃப் டாஷ்போர்டு செட்-ஆடிட்-ஏபிஐ-எனேபிள்ட் ட்ரூ’ கொடுத்து இன்றே இயக்கிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மானிட்டரின் பதிவில் மேனேஜரின் பெயர்தான் இருக்கும், பொத்தானை அழுத்திய மனிதரின் பெயர் இருக்காது.

ஆபத்தான வேலைகளில் எந்த முகம் பாதுகாப்பானது என்பதில் கருத்துகள் மோதும். என் பார்வையில் உண்மையான காவல் இரண்டு முகங்களிலும் இல்லை, மானிட்டரில் இருக்கிறது. ஒரு பூலை அழிக்க முயன்று பாருங்கள். ‘மான்_அலோ_பூல்_டெலீட்’ என்ற அமைப்பு இயல்பாக மறுப்பில் இருப்பதால் டாஷ்போர்டும் அனுமதிக்காது, கட்டளையும் அனுமதிக்காது. அதைத் திறந்தபிறகும் கட்டளை வரி பூலின் பெயரை இருமுறை எழுதச் சொல்லும். இறுதியில் ‘யெஸ்-ஐ-ரியலி-ரியலி-மீன்-இட்’ என்று சத்தியமும் கேட்கும். இதை எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வோடு மனிதர்களைப் பற்றிய அறிவும் இருந்திருக்கிறது. ஆனால் இணையத்தில் கண்ட வரியை அப்படியே ஒட்டுபவரிடம் அந்தச் சத்தியமும் பலிக்காது. அழிக்கும் வேலை முடிந்ததும் அந்த அமைப்பை மீண்டும் மறுப்புக்கு மாற்றிவிடுங்கள்.

டாஷ்போர்டிலிருந்தோ கட்டளையிலிருந்தோ ஓஎஸ்டி சேர்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. செஃப்அட்ம் நீங்கள் சொன்னதை ஒருமுறை செய்துவிட்டு மறப்பதில்லை. அதை நிலையான விதியாக வைத்துக்கொள்கிறது. ‘கிடைக்கும் எல்லா டிஸ்க்கையும் எடுத்துக்கொள்’ என்ற விதி ஒருமுறை நுழைந்துவிட்டால், பிறகு யாராவது வேறு வேலைக்காகச் செருகும் வெற்று டிஸ்க்கையும் அது விழுங்கும். பழுது என்று நீக்கித் துடைத்த டிஸ்க்கே மறுபடி ஓஎஸ்டியாக எழுந்து நிற்பதும் இதனால்தான். ‘செஃப் ஆர்க் எல்எஸ்’ கொடுத்து ஓஎஸ்டி என்று தொடங்கும் விதிகளைப் பாருங்கள். தேவையில்லாததை ‘அன்மேனேஜ்ட்’ என்று மாற்றுங்கள். புதிய விதியை யாமல் என்ற உரை வடிவக் கோப்பில் எழுதி, ‘செஃப் ஆர்க் அப்ளை -ஐ’ என்பதோடு ‘ட்ரை-ரன்’ சேர்த்துக் கொடுத்தால், எந்த டிஸ்க்குகள் பாதிக்கப்படும் என்பதைச் செய்யாமலேயே காட்டும். கட்டளை வரியின் உண்மையான பலம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. அந்தக் கோப்பை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் வைக்கலாம், ஆறு மாதம் கழித்து ஏன் இப்படி என்று படிக்கலாம், சக ஊழியரிடம் காட்டிச் சரிபார்க்கலாம். பொத்தான் அழுத்தியதை அப்படி எடுத்துவைக்க முடியாது.

சர்வரை நிறுத்திப் பராமரிக்கும் முன் டாஷ்போர்டின் ‘மெயின்டனன்ஸ்’ பொத்தானே போதும். ‘செஃப் ஓஎஸ்டி ஓகே-டு-ஸ்டாப்’ கேட்டுக்கொள்வது கூடுதல் நிம்மதி. எதுவும் செய்யாமல் வெறுமனே மறுதொடக்கம் செய்து, அது 600 விநாடிக்குள் திரும்பாவிட்டால், செஃப் அந்த டிஸ்க்குகளை வெளியே தள்ளித் தரவை நகர்த்தத் தொடங்கிவிடும்.

இணையத்தில் தேடிப் படிக்கும்போது பதிப்பைப் பார்த்துப் படியுங்கள். மீட்பு வேகத்தைக் கூட்ட ‘ஓஎஸ்டி_மேக்ஸ்_பேக்ஃபில்ஸ்’ என்ற எண்ணை ஏற்றச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். குவின்சி பதிப்பிலிருந்து எம்கிளாக் என்ற வரிசையாக்கி இயல்பாக வந்துவிட்டது. அதன் கீழ், மீறும் அனுமதியைத் தனியாகத் திறக்காமல் அந்த எண்ணை மாற்றுவதில் பயனில்லை. மீட்புக்கும் பயனர்களுக்கும் இடையே எது முன்னுரிமை என்பதை அதன் புரொஃபைலை மாற்றித்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, உங்கள் செஃப் ப்ராக்ஸ்மாக்ஸ் வழியாக நிறுவப்பட்டிருந்தால் நான் மேலே ‘செஃப் ஆர்க்’ என்று சொன்னவை எதுவும் பொருந்தாது. அது செஃப்அட்மைப் பயன்படுத்துவதில்லை. அதற்கென்று தனி வரைகலை முகமும் ‘பிவிஇசெஃப்’ என்ற கட்டளையும் இருக்கின்றன. என் அனுபவம் பெரும்பாலும் நகல்முறை பூல்களில்தான். உங்களுடையது இரேஷர் கோடிங் (முழு நகல்களுக்குப் பதில், தரவைத் துண்டுகளாக்கி மீட்புத் துண்டுகளோடு வைக்கும் முறை) என்றால் 68 என்ற என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், எல்லாம் நலமாக இருக்கும் ஒரு நாளில் ‘செஃப் -எஸ்’, ‘செஃப் ஹெல்த் டீடெய்ல்’, ‘செஃப் ஓஎஸ்டி டிஎஃப் ட்ரீ’, ‘செஃப் எஃப்எஸ் ஸ்டேட்டஸ்’, ‘செஃப் ஓஎஸ்டி பெர்ஃப்’ ஆகியவற்றின் வெளியீட்டைக் கோப்பில் எடுத்துவையுங்கள். இவை எதையும் மாற்றாதவை, பயமின்றி ஓட்டலாம். அடுத்த முறை பயனர்கள் புகார் சொல்லும் அதே நேரத்தில் மறுபடி எடுத்து, ‘டம்ப்_ஆப்ஸ்_இன்_ஃப்ளைட்’, ‘செஷன் எல்எஸ்’ இரண்டையும் சேர்த்து, பதிப்பு எண்ணோடு இங்கே இடுங்கள். ‘செஷன் எல்எஸ்’ வெளியீட்டில் உங்கள் கணினிகளின் பெயர்களும் ஐபி முகவரிகளும் இருக்கும், அவற்றை மறைத்துவிட்டு இடுங்கள்.